கேள்வி கேட்காத பதியம்

அத்தியாயம் 9

பள்ளிக்கூடத்துக் கணினிகள் மொத்தமும் துடைத்த சிலேட்டாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் காரியத்தைச் செய்த கோபிநாத் எதிர்க் கடையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. டீ குடிக்க நேரம் கிடைப்பதுதான் அவன் கண்டுபிடிப்பின் பெருமையே. பென் டிரைவைச் சொருகு, பட்டனைத் தட்டு, டீ குடிக்கப் போ. திரும்பி வரும்போது பைத்தான் என்ற கணினி மொழி இருக்கும், நிரல் எழுதிப் பார்க்கிற பலகை இருக்கும், தமிழில் தட்டச்சு இருக்கும், பாடங்கள் இருக்கும். இன்டர்நெட் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம், இன்ஜினியர் வேண்டாம். அதற்குப் பதியம் என்று பேர் வைத்திருந்தான். ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் இன்னொரு செடி. ஒரு பென் டிரைவைச் சொருகினால் ஒரு பள்ளிக்கூடம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்குப் புல்லரிக்கும். கேட்டவர்களுக்கு அரித்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஆகவே டீயை நிதானமாகக் குடித்தான். கூட ஒரு வடையும் தின்றான். சாலையைத் தாண்டி, பள்ளிக்கூடத்து மாடியில் இருந்த லேப்புக்குள் நுழைந்தபோது எல்லாத் திரைகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்.

'எல்லாம் தயார். இனி நீங்கள் புதிதாக ஆரம்பிக்கலாம்.'

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் திரைகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அது ஏன் என்று அவன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"சார், எங்க ஃபைலெல்லாம் எங்குட்டுப் போச்சு?" என்றாள் சிட்டாள். ஒடிசலான பெண். கண்ணாடி மூக்கில் நிற்காது, நொடிக்கொரு தடவை ஏற்றிவிட்டுக்கொள்வாள்.

"டி டிரைவுல இருக்கும், பாரும்மா." வடை எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"டி-யே இல்லையே சார்."

குனிந்து பார்த்தான். சி இருந்தது. பெரிசாக, விசாலமாக, ஆளில்லாமல், கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. டி இல்லை.

பக்கத்துக் கணினியைத் திறந்து பார்த்தான், அங்கேயும் இல்லை.

போன வாரம் அவனுடைய ரிப்பேர் கடையில் ஒரு பழைய கணினி இடம் போதவில்லை என்று மல்லுக்கு நின்றது. பள்ளிக்கூடத்து மெஷின்கள் எல்லாமே அந்த வயசுதான். அதனால் புதுப் பதிப்பில் சியையும் டியையும் ஒன்றாக்கிவிட்டான். அந்த நேரத்தில் அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. டியில் எதுவும் இருக்குமா என்று பதியம் கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்பதைப் பதியம் எப்போதோ விட்டிருந்தது.

ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 'தொடரவா?' 'இங்கே நிறுவவா?' 'நிச்சயமாகவா?' என்று. ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கிராமத்திலிருந்தாவது ஒரு டீச்சர் போன் செய்வார். சோலையம்மாள் என்ற டீச்சர், "தம்பி, இது என்னையவே சந்தேகப்படுது, நிச்சயமாவான்னு கேக்குது" என்று சொல்லிவிட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். அன்றிலிருந்து கோபிநாத் கேள்விகளை ஒவ்வொன்றாகக் களைபறித்தான். கடைசியில் ஒரு கேள்வியும் மிச்சமில்லை. கேள்வியே கேட்காமல் வேலை செய்கிற மென்பொருள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இன்றைக்கு அது சொன்னபடியே நடந்துகொண்டது.

இத்தொடரை விடாமல் படிப்பவர்களுக்குக் கோபிநாத்தின் கதை தெரியும். நடுவில் கல்யாணம், காதுகுத்து என்று போய்விட்டவர்களுக்காகக் கொஞ்சம். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன். அப்பா கருத்தையா படுக்கையில் விழுந்ததும் நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்தான். அப்பா போனார், நிலம் குத்தகைக்குப் போனது, படிப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது காரைக்குடியில் ஒரு சந்துக்குள் கணினி ரிப்பேர் கடை. மனைவி யோகலட்சுமி இதே பள்ளிக்கூடத்தில் கணினி டீச்சர். அவளுடைய தம்பி பாண்டீஸ்வரன் பி.இ. படித்தவன், சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே உத்தியோகம்.

பதியத்தின் உள்ளே இருப்பது முழுக்கக் கோபிநாத் கைவேலை. திரையில் தெரிகிற முகப்பை அழகுபடுத்துவது பாண்டி. கோபிநாத்தின் தமிழில் சந்தி சிரிக்கும் என்பதால், முகப்பில் வருகிற வாசகங்களை எழுதிக் கொடுப்பது யோகலட்சுமி.

போன அத்தியாயத்தில் அந்த முகப்பின் அடியில் கோபிநாத் ஒன்றைப் பார்த்தான். 'உருவாக்கம்: பா. பாண்டீஸ்வரன், பி.இ.' அவன் பேர் இருந்த இடம் அது.

ஒரு வாரமாக விசாரித்தும் விட்டான். பாண்டி, "டெம்ப்ளேட்டுல ஏதோ மாறியிருக்கும் மச்சான்" என்றான். மாமியார் மீனாள், "சாப்பிட்டீகளா" என்றார். யோகலட்சுமி, "இப்ப எதுக்கு அது, திங்கக்கிழமை ஆளுக வர்றாக" என்றாள்.

திங்கள்கிழமை வருவது சிவகங்கையிலிருந்து ஒரு அறக்கட்டளையின் ஆட்கள். இந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, பிள்ளைகள் செய்ததைப் பார்த்து, பிடித்திருந்தால் மாவட்டம் முழுக்கப் பதியத்தைக் கொண்டுபோகப் போகிறார்கள். பார்ப்பதற்கு ஏராளமாக இருந்தது. ஊருக்கு வருகிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் சொல்லும் நிரல், பால் சொசைட்டிக் கணக்கு போடும் நிரல். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிட்டாளின் கோலம். எத்தனை புள்ளி என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும். திரையில் புள்ளி வைத்து, கோடு இழுத்து, வளைத்து, சிக்கில்லாமல் முடித்துக் காட்டும். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

இருந்தது என்று சொன்னேன் அல்லவா. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

யோகலட்சுமி ஏழாம் வகுப்பை முடித்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"என்ன, எல்லாரும் நிக்கிறீக?"

சிட்டாள் திரையைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். "டீச்சர், டி டிரைவைக் காணோம்."

யோகலட்சுமி கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். கத்தப்போகிற பார்வை இல்லை. கத்தி என்ன ஆகப்போகிறது என்று முடிவு செய்துவிட்ட பார்வை. கத்தியே இருக்கலாம்.

"டி-யை என்ன செஞ்சீக?"

"எடம் பத்தலைன்னு சி-யோட சேத்துட்டேன்."

"எப்ப?"

"போன வாரம். புதுப் பதிப்புல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறதுக்கென்ன? சி-யில வச்சா அழிஞ்சிரும், டி-யில வைங்கன்னு புள்ளைகளுக்கு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"கேக்காம வேலை செய்றதுதான யோகா அதோட விசேஷம்."

சொல்லி முடித்த பிறகுதான் இது சிரிக்கிற இடம் இல்லை என்று உறைத்தது. அவனுக்கு எப்போதும் இதே கதை. வாய் முன்னால் ஓடிவிடும். புத்தி வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

"ஒரு காப்பி எடுத்து வைக்கலையா நீ?"

"அதுக்குத்தான் கடையில இருக்குற பெரிய டிஸ்க்கைக் கொண்டாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

சொல்லியிருந்தாள். அவனும் சரி சரி என்றிருந்தான். அந்த டிஸ்க் கடை அலமாரியில், பிரிக்காத அட்டைப் பெட்டிக்குள் மிகவும் பத்திரமாக இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். சிட்டாள் போகவில்லை. கோபிநாத் அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓடவிட்டு, அவள் கணினியின் முன்னால் குத்துக்கல்லாக உட்கார்ந்தான். யோகலட்சுமி டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள். அவன் திறக்கவில்லை, அவளும் திறக்கச் சொல்லவில்லை.

பழையது இருந்த இடத்தின் மேலேயே பதியம் புதுசை எழுதிவிட்டிருந்தது. கிடைத்தவை எல்லாம் பேரில்லாத துண்டுகள். ஒரு துண்டில் திருப்பத்தூர் பஸ் இருந்தது, நேரம் இல்லை. இன்னொன்றில் யாரோ தங்கச்சிக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, புள்ளி, வளைவு என்று எழுதிய ஒரு துண்டு அகப்பட்டது.

"இதுவாம்மா?"

சிட்டாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். தலையை ஆட்டினாள்.

ஓடவிட்டான். திரையில் புள்ளிகள் விழுந்தன. மேல் வரிசையிலிருந்து கோடு புறப்பட்டது, வளைந்தது, புள்ளியைச் சுற்றியது, அடுத்த புள்ளிக்குப் போனது. கோபிநாத் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். கோடு நடுவுக்கு வந்து, ஒரு புள்ளியைச் சுற்றப் போய், நின்றது. கீழே சிவப்பில் பிழை என்று ஒரு வரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"பாதி வந்திருச்சும்மா" என்றான். தன் குரலில் இருந்த சந்தோஷம் அவனுக்கே கேவலமாக இருந்தது.

"இந்தப் பாதி ஈசி சார்" என்றாள் சிட்டாள். "அந்தப் பாதிக்குத்தான் ரொம்ப நாளாச்சு."

பிறகு சாப்பிடப் போய்விட்டாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். அதற்குக்கூட வழி வைக்கவில்லை. பாதிக் கோலத்தைத் தன் பென் டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தலைமையாசிரியை நாச்சியம்மையைப் பள்ளிக்கூடம் முழுக்க ஆச்சி டீச்சர் என்றுதான் சொல்லும். குரலை உயர்த்த மாட்டார். அவர் குரல் தாழத் தாழத்தான் எதிரில் நிற்பவருக்கு வேர்க்கும். இன்றைக்குக் கிட்டத்தட்ட காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"நான் மேல போய்ப் பாத்துட்டுத்தான் வாறேன். புள்ளைக செஞ்சது அத்தனையும் போச்சு. திங்கக்கிழமை வர்றவுகளுக்கு நான் எதைக் காட்ட?"

கோபிநாத்தும் யோகலட்சுமியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த இரண்டு பேரைப் போல.

"அந்த மெஷின்ல பேரு போட்டிருக்கே. பாண்டீஸ்வரன் பி.இ. யாரது? அவரை வரச் சொல்லுங்க. அவருகிட்டத்தான் கேக்கணும்." கோபிநாத்தை ஒரு கணம் பார்த்தார். "ஒங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது? ரிப்பேர் பாக்க வாரீக. குடுத்ததைப் போட்டிருக்கீக."

மேசை மேலிருந்த போனை எடுத்தார். "சிவகங்கைக்கு நானே சொல்லிர்றேன். இந்தப் பாண்டீஸ்வரன் செஞ்சதுல இப்படி ஒரு ஆபத்து இருக்கு, பாத்துச் செய்ங்கன்னு."

இந்த இடத்தில் கோபிநாத் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும். பேரைத் திருடினவனுக்குப் பேரோடு சேர்த்து இதுவும் போய்ச் சேரும். கடவுள் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு முடித்து அவன் பார்த்ததில்லை. ஆச்சி டீச்சர் எண்களை அழுத்த அழுத்த, உள்ளுக்குள் யாரோ வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவது மாதிரி இருந்தது.

யோகலட்சுமி அவனைப் பார்த்தாள். தம்பியைக் காப்பாற்று என்கிறாளா, உள்ளதைச் சொல் என்கிறாளா, பேசாமல் இரு என்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகம் வெள்ளையாகியிருந்தது மட்டும் தெரிந்தது.

வாய் மறுபடி முன்னால் ஓடியது.

"டீச்சர், அவனுக்கு இதுல சம்பந்தமில்லை. செஞ்சது நான்."

"தெரியும். இன்னைக்குப் போட்டது நீங்கதான்."

"போட்டது மட்டுமில்லை. பதியத்தையே நான்தான் செஞ்சேன். முழுசா. டி-யைத் தூக்கினதும் நான்தான்."

ஆச்சி டீச்சர் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"பின்ன ஏன் அவரு பேரு இருக்கு?"

அதைத்தானே நானும் வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "முகப்பு அவன் செஞ்சது" என்றான்.

அவர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார். "நல்லது நடந்தா ஒரு பேரு, கெட்டது நடந்தா ஒரு பேருன்னு வச்சிருக்கீகளா வீட்டுல?"



ஆச்சி டீச்சர் போனை மறுபடி காதில் வைத்தார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடைசியில், "இல்லை, அந்தப் பேரு இல்லை. செஞ்சவரு கோபிநாத். கோபிநாத். ஆமா, எழுதிக்கங்க" என்றார்.

தன் பேர் எப்படியாவது சிவகங்கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறான். போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் அதை எழுதிக்கொண்டும் இருந்தார். எழுத்துப்பிழை இருக்கக் கூடாதே என்று ஒரு கவலை வந்தது பாருங்கள், அந்த மனசைத்தான் எதில் அடிப்பது என்று தெரியவில்லை.

"அந்தப் பென் டிரைவு இனிமே இந்தப் படியேறக் கூடாது" என்றார் ஆச்சி டீச்சர், போனை வைத்துவிட்டு. "திங்கக்கிழமை என்ன செய்றதுன்னு நான் யோசிச்சுக்கிறேன். நீங்க போங்க."

டீக்கடையில் பாண்டி காத்துக்கொண்டிருந்தான். புது பைக், கம்பெனிப் பேர் போட்ட பனியன். கோபிநாத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதையில் அவனைக் குறை சொல்ல முடியாது. மரியாதையாக எழுந்து நின்றுகொண்டே எதையும் செய்வான்.

"அக்கா போன்ல சொல்லுச்சு மச்சான். நல்லவேளை, நீங்களே ஏத்துக்கிட்டீக. நான் உடனே சிவகங்கைக்குப் பேசிட்டேன்."

"என்னன்னு?"

"மென்பொருள்ல ஒரு தப்புமில்லை, போட்டவரு கவனக்குறைவுன்னு."

"போட்டவன் நான். சரி. செஞ்சவனும் நான்தான மாப்ள?"

"அது நமக்குள்ள மச்சான்."

நமக்குள்ள என்பது அந்தக் குடும்பத்தில் ஒரு பீரோ. வெளியே காட்ட முடியாததை எல்லாம் அதில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாவி இதுவரை கோபிநாத் கைக்கு வந்ததில்லை.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு. எம் பேரை எடுத்தது யாரு?"

"பேரா மச்சான் முக்கியம்? நாலு புள்ளைக படிக்கணும். அதான முக்கியம்."

"அப்ப ஒம் பேரையும் எடுத்துரு."

பாண்டி டீயை ஊதினான். டீ அவ்வளவு சூடாக இல்லை.

"நீங்க நெனக்கிற மாதிரி நான் எதையும் எடுக்கலை மச்சான். எனக்கு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு. வந்ததை ஒட்டினேன்."

"ஏன் இப்படி இருக்குன்னு நீ கேக்கலையா?"

"என்னத்தக் கேக்க? பாக்க நல்லாத்தான இருந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்தில் பொய்யே இல்லை. மச்சினனைத் தனக்கு ஏன் முழுசாக வெறுக்க வரவில்லை என்று கோபிநாத்துக்கு இப்போது புரிந்தது. பதியத்தைப் போலத்தான் அவனும். கொடுத்ததை வைத்துக்கொள்வான். கேள்வி கேட்க மாட்டான்.

"எங்கேயிருந்து வந்துச்சு மாப்ள?"

"டீ ஆறுது மச்சான்" என்றான் பாண்டி. "குடிங்க." தன் டம்ளரை வைத்துவிட்டு, ஒரு மீட்டிங் இருக்கிறது என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கோபிநாத் அந்த டீயைக் குடிக்கவில்லை. முகப்பில் வரும் தமிழ் எல்லாம் ஒரே கையிலிருந்துதான் வரும். 'எல்லாம் தயார்' வந்தது அங்கிருந்து. 'இனி நீங்கள் புதிதாக ஆரம்பிக்கலாம்' வந்ததும் அங்கிருந்து. ஒரு வாரமாகத் தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தால் கேட்க வேண்டியிருக்கும். அதனால் தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விட்டதும் யோகலட்சுமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறினாள். காரைக்குடிக்குப் போகிற சாலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக இந்த வழி முழுக்க அவன்தான் பேசுவான். ஆச்சி டீச்சரைப் போல் பேசிக் காட்டுவான், அவள் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டுவாள். இன்றைக்கும் ஒன்று தயாராக இருந்தது. 'கம்ப்யூட்டர் வேகமா இருக்கணும்னு கேட்டாக, காலி பண்ணிக் குடுத்தேன்.' நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே செத்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு டிராக்டர், வைக்கோல் லோடு. வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பேர் இல்லாத நம்பர், சிவகங்கை எஸ்.டி.டி. எண். அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தது. பையில் போட்டுக்கொண்டான். உள்ளே பாதிக் கோலம் இருந்த பென் டிரைவோடு சேர்ந்து போன் அதிர்ந்துகொண்டே இருந்துவிட்டு நின்றது.

"யாரு?" என்றாள்.

"தெரியலை. யோகா, ஒரு கேள்வி கேக்கவா?"

"கேக்குற பழக்கமே இல்லையே ஒங்களுக்கு. கேளுங்க."

திரும்பிப் பார்க்காமல், டிராக்டரின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எம் பேரை எடுத்தது நீயா?"

அவள் என்ன சொல்வாள் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். இப்ப எதுக்கு அது என்பாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல் கைவசம் இருந்தது.

"ஆமா. நாந்தான்."

ஒரு கிண்டலும் உதவவில்லை.

"ஒங்க பேரோடதான் முதல்ல குடுத்தேன்" என்றாள் யோகலட்சுமி. குரல் தட்டையாக இருந்தது, வகுப்பில் பாடம் சொல்கிற குரல். "ஒரு எடத்துல இல்லை, போன பள்ளிக்கூடத்துலயெல்லாம். பேரைப் பாப்பாக. என்ன படிச்சிருக்காருன்னு கேப்பாக. சொல்லுவேன். பாக்குறோம் டீச்சர்னு டிராயர்ல போட்டுருவாக. அடுத்த தடவை போனா அங்கேயேதான் கெடக்கும். சொருகிக்கூடப் பாத்திருக்க மாட்டாக."

"எங்கிட்டச் சொல்லலையே நீ."

"தம்பி பேரைப் போட்டு அதே பென் டிரைவைக் குடுத்தேன். அன்னைக்கே போட்டுப் பாத்தாக. ஒண்ணும் மாத்தலை நான். அதே பென் டிரைவு."

"சொல்லியிருக்கலாம்ல யோகா."

"சொன்னா சிரிப்பீக. கடையில ஒக்காந்து வர்றவுககிட்டயெல்லாம் சொல்லி, அவுகளையும் சிரிக்க வைப்பீக. அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடாம சொவத்தைப் பாத்துப் படுத்துக்குவீக. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை."

டிராக்டர்காரன் இறங்கி நின்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தான். தூரத்தில் ஹாரன் கேட்டது.

கோபிநாத் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரும் வழியில் அது எங்கோ மாட்டிக்கொண்டது. அவள் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் படியேறி, அவன் பேரைச் சொல்லி, அவன் படிப்பைச் சொல்லி, இறங்கி வந்தது கண்ணில் ஓடியது. ஒரு நாளும் முகத்தில் காட்டினதில்லை. சாயந்தரம் வந்து அவன் ஜோக்குக்குச் சிரித்திருக்கிறாள்.

ஆனாலும் ஆறவில்லை. அது அவன் பேர்.

"இன்னைக்கு ஆச்சி டீச்சருக்குத் தெரிஞ்சுபோச்சு. சிவகங்கையில எழுதிக்கிட்டாக. இனிமே மறைக்க என்ன இருக்கு?" தொண்டையைச் செருமிக்கொண்டான். "அவுக வர்றதுக்குள்ள நான் கேள்வியெல்லாம் திருப்பி வச்சு, டி-யைத் தொடாம சரியாக்கித் தாறேன். அடியில எம் பேரைத் திருப்பி எழுதுவியா?"

ரயில் வந்துவிட்டது. பெட்டிகள் தடதடத்துப் போயின. வைக்கோல் தூசி பறந்து கண்ணில் விழுந்தது. பின்னால் அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவன் முதுகுக்குத் தெரிந்தது. சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தான். கேட்கவில்லை என்றால் நல்லது, மறுபடி கேட்காமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தான்.

யோகலட்சுமி கடைசிப் பெட்டி போய் முடியும்வரை காத்திருந்தாள். தண்டவாளத்தின் இரைச்சல் அடங்கும்வரையும் காத்திருந்தாள். சொல்வது அவன் காதில் சரியாக விழ வேண்டும் என்பதற்காக.

"மாட்டேன்" என்றாள். "மறுபடி அது டிராயர்ல கெடக்குறதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை."